ஆறு பாய்மரம், ஆறாயிரம் டன் கரி



பாய்க்கப்பல் என்றவுடன் பெருங்கடல் தாண்டிய கப்பல்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. புதுத் தேசம் தேடிப் போனவை, சீனத்துத் தேயிலையை லண்டனுக்கு முந்திக் கொண்டுசேர்க்கப் பந்தயம் ஓடியவை, போர்க்கப்பல்கள். இவற்றுக்குச் சரித்திரம் உண்டு, சினிமாவும் உண்டு. கரையை ஒட்டியே போய்க் கரையை ஒட்டியே திரும்பி, உப்பும் கரியும் மரமும் சுமந்த கப்பலுக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. நம் தூத்துக்குடித் தோணிகளைப் பற்றி எத்தனை புத்தகம் வந்திருக்கிறது என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

அதனால் இன்று வேண்டுமென்றே ஒரு கரிக்கப்பலை எடுத்துக்கொண்டேன். பெயர் வயோமிங். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலத்தில், கென்னெபெக் ஆற்றங்கரையில் பாத் என்று ஓர் ஊர். அங்கே பெர்சி அண்ட் ஸ்மால் என்ற கப்பல் கட்டும் களத்தில் 1909 டிசம்பர் 15 அன்று அது ஆற்றில் இறக்கப்பட்டது. மரத்தால் கட்டிய ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல்களில் அதைவிடப் பெரிது எதுவும் இல்லை. பதிவேட்டில் நீளம் 329.5 அடி, அகலம் 50 அடி, உள்ளாழம் 30 அடி. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தின் நுனியிலிருந்து பின்பாயின் கடைசிவரை அளந்தால் 450 அடி. ஆறு பாய்மரங்கள். சுமை 6,000 டன் நிலக்கரி.

வயோமிங் என்பது கடலே இல்லாத மாநிலம். மலையும் மாட்டுப்பண்ணையும் உள்ள உள்நாடு. அந்தப் பெயர் ஏன் வந்தது என்றால், அந்த மாநிலத்தின் ஆளுநர் பிரயன்ட் புரூக்ஸ் கப்பலில் பணம் போட்டிருந்தார். பெயர்சூட்டியதும் அவருடைய மகள்தான். அந்தக் கரையில் கப்பல் என்பது ஒருவருடைய சொத்தாக இருப்பது அரிது. 64 பங்காகப் பிரிப்பார்கள். பங்கையும் பாதியாக, காலாக உடைத்து விற்பார்கள். பாய் தைப்பவர், மளிகை சப்ளை செய்தவர், கேப்டன், தூரத்து ஊரில் கையில் காசு வைத்திருப்பவர் என்று பலரும் பங்காளிகள். நட்டம் வந்தால் யாரும் ஒரேயடியாக மூழ்கிப்போக மாட்டார்கள். லாபம் வந்தால் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பங்குக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள். நம் பக்கத்தில் தோணியில் பங்கு வைத்திருந்த குடும்பங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சரி, இவ்வளவு பெரிதாக ஏன் கட்டினார்கள்? வீம்புக்கு என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அது கூலிக் கணக்கு.

அதைப் புரிந்துகொள்ள ஸ்கூனரின் பாய் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பெருங்கடல் கப்பல்களில் பாய்கள் கப்பலுக்குக் குறுக்கே, பருமலில் தொங்கும். பாயைச் சுருட்டவும் விரிக்கவும் ஆட்கள் பாய்மரத்தின்மேல் ஏறியாக வேண்டும், புயலிலும் ஏற வேண்டும். அதற்கு ஆள் பலம் தேவை. ஜெர்மனியில் 1902இல் ஐந்து பாய்மரத்துடன் கட்டிய புரோய்சன் என்ற எஃகுக் கப்பல் சுமார் 8,000 டன் சுமந்தது. அதில் வேலைக்கு நாற்பத்தைந்து பேர் அளவில் இருந்தார்கள். ஸ்கூனரிலோ பாய்கள் கப்பலின் நீளவாட்டில் நிற்கும். மேலே ஒரு மரம், கீழே ஒரு மரம், நடுவில் பாய். தளத்தில் நின்றபடியே ஆஞ்சானை இழுத்து ஏற்றலாம், இறக்கலாம். காற்று பக்கவாட்டில் அடித்தாலும் முன்னேறும். கரையோரமாகத் தெற்கும் வடக்கும் போய்வருகிறவனுக்கு அதைவிடத் தோதான அமைப்பு கிடையாது.

ஆனால் ஒரு பாய் பெரிதாகப் பெரிதாக அதன் எடையும் ஏறும். எத்தனை பேர் சேர்ந்து இழுத்தாலும் ஏறாத அளவுக்குப் பாய் கனத்தபோது தளத்தின்மேல் ஒரு சிறு நீராவி எந்திரம் வந்தது. டாங்கி எந்திரம் என்பார்கள். பாயை ஏற்றுவது, நங்கூரத்தைத் தூக்குவது, உள்ளே சேர்ந்த தண்ணீரை இறைப்பது, மூன்றும் அதன் வேலை. கப்பலை ஓட்டுவது காற்று. கூலியாட்களின் இடத்தில் நீராவி. விளைவு என்ன? வயோமிங்கை நடத்தப் பதினொரு பேர் போதும் என்று ஆயிற்று. ஆறாயிரம் டன் கரிக்குப் பதினொரு பேர்! கேப்டன், இரண்டு மேட், எந்திரக்காரர், சமையல்காரர் ஆகியோரைக் கழித்தால் மிச்சமிருக்கும் மாலுமிகளை ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். மூன்று பாய்மரத்துக்கு எட்டுப் பேர் தேவைப்பட்ட இடத்தில் ஆறு பாய்மரத்துக்குப் பதினொருவர் போதும் என்றால், எந்த முதலாளிதான் மூன்றோடு நிறுத்துவார்?

ஆறு பாய்மரத்துக்கும் பெயர் உண்டு: ஃபோர், மெயின், மிஸன், ஜிகர், டிரைவர், ஸ்பாங்கர். முன்னிருந்து பின்னாக இந்த வரிசையில் மாலுமி மனப்பாடம் செய்ய வேண்டும். இருட்டில் தவறான கயிற்றை அவிழ்த்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது மரத்துக்கு வருவோம். ஓடாவிகள் யாராவது இங்கே இருந்தால் அவர்களுக்கு என் பேச்சில் இந்தப் பகுதிதான் முக்கியம்.

மரக்கப்பலின் நடுப்பகுதி அகலமானது. தண்ணீர் அதை நன்றாகத் தாங்கும். அணியமும் கடைப்பகுதியும் ஒடுங்கியவை. அங்கே தண்ணீரின் தாங்கு குறைவு, எடை மட்டும் இருக்கிறது. ஆகவே இரண்டு முனைகளும் மெல்லத் தொங்கத் தொடங்கும், நடு முதுகு மேலெழும். எந்த மரக்கப்பலுக்கும் வயதானால் இது வரும். 150 அடியில் இது சிறு தொல்லை. 300 அடி தாண்டினால் இதுவே தலையாய நோய். ஏரா என்ற அடிமரத்தின்மேல் மரத்துக்குமேல் மரம் அடுக்கி முதுகெலும்பு போலக் கட்டினார்கள். தென் மாநிலங்களிலிருந்து நீள நீளமான பைன் மரம் வந்தது. பாய்மரங்களுக்கு ஓரிகன் பைன், நாட்டின் மறுகோடியான மேற்குக் கரையிலிருந்து. அதுவும் போதாதென்று வயோமிங்கின் பக்கச் சுவர்களில் குறுக்கும் மறுக்குமாக இரும்புப் பட்டைகளைப் பதித்தார்கள், பக்கத்துக்குத் தொண்ணூறு. அப்படியும் கடலில் அலை உயர்ந்தால் உடல் முறுக்கிக்கொள்ளும். பலகைகள் ஒன்றோடொன்று உரசி நகரும். கலப்பற்று எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் இடுக்கில் தண்ணீர் வரும். பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் ஓட டாங்கி எந்திரம் ஓட வேண்டும். எந்திரம் ஓட அடுப்பில் நெருப்பு அணையாமல் இருக்க வேண்டும். பதினொரு பேரோடு கப்பலை நடத்த முடிந்த அதே ஏற்பாடு, அந்த அடுப்பின் நெருப்பில் தொங்கிக்கொண்டிருந்தது.

எஃகில் கட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கட்டிப் பார்த்தார்கள். 1902இல் தாமஸ் டபிள்யூ. லாசன் என்று ஏழு பாய்மர எஃகு ஸ்கூனர் ஒன்று வந்தது. 1907இல் இங்கிலாந்தின் சில்லித் தீவுகளில் உடைந்தது. பாத் ஊருக்குத் தெரிந்தது மரவேலை, அந்த ஊரில் இருந்த ஆட்களும் மரவேலை ஆட்கள். வயோமிங்குக்கு ஆன செலவு சுமார் 1,75,000 டாலர். எஃகில் அந்தத் தொகைக்கு அந்தச் சுமை கிடைக்காது. கணக்கில் மரம்தான் வென்றது.

வேலை என்ன? வர்ஜீனியாவில் நார்ஃபோக், நியூபோர்ட் நியூஸ் துறைமுகங்களுக்கு அப்பலேச்சிய மலைச் சுரங்கங்களின் நிலக்கரி ரயிலில் வரும். வடக்கே பாஸ்டன், போர்ட்லாண்ட் பக்கத்து ஊர்களின் ஆலைகளுக்கும் ரயில்களுக்கும் வீடுகளுக்கும் கரி வேண்டும். அங்கே கரிச்சுரங்கம் கிடையாது. தெற்கே போய்க் கரி ஏற்று, வடக்கே வந்து இறக்கு. வாழ்நாள் முழுக்க பெரும்பாலும் இதுதான். வயோமிங் இறங்கிய ஆறாம் நாளே, ஆங்கஸ் மெக்லியோட் என்ற கேப்டனின் கீழ், கரி ஏற்ற நியூபோர்ட் நியூஸுக்குப் புறப்பட்டது. வெள்ளோட்டக் கொண்டாட்டம் எல்லாம் அவ்வளவுதான்.

முந்தைய தலைமுறை ஸ்கூனர்களுக்குத் தெற்கே போகும்போதும் ஒரு சரக்கு இருந்தது: கென்னெபெக் ஆற்றில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டி. அறுத்து மரத்தூளில் பொதிந்து அனுப்புவார்கள். அதே நியூ இங்கிலாந்து வட்டாரத்துக் குளங்களின் பனிக்கட்டிதான் 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டனிலிருந்து சென்னைக்கும் வந்தது. மெரினா எதிரே ஐஸ் ஹவுஸ் என்று நாம் சொல்லும் கட்டடம் அதற்காகக் கட்டியதே. வயோமிங் காலத்தில் அந்த வியாபாரம் தேய்ந்துவிட்டது. தெற்கே வெறுங்கப்பலாகத்தான் போனது. அகன்ற அடி இருந்ததால் பாரக்கல் இல்லாமலே நிற்கும், அதுவும் ஒரு சிக்கனம்.

சிக்கனம் என்று சொன்னாலும் காத்திருப்பு தின்றுவிடும். ஏற்றுமிடத்தில் வரிசையில் நாட்கணக்காக, சில சமயம் வாரக்கணக்காக நிற்க வேண்டும். காற்று வராவிட்டால் வழியில் நிற்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் இழுவைப்படகின் பின்னால் சங்கிலியாகப் போகும் தட்டைப் படகுகளும் நீராவிக் கரிக்கப்பல்களும் நுழைந்தன. அவற்றுக்குத் தேதி சொல்ல முடியும். பாய்க்கப்பலுக்குத் தேதி சொல்ல முடியாது. ஆலைக்காரனுக்குத் தேவை தேதி.

இன்னொரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். ஆறு பாய்மர ஸ்கூனர் என்ற இனம் 1900இல் பிறந்தது. கேம்டன் ஊரில் ஜார்ஜ் டபிள்யூ. வெல்ஸ், பாத்தில் எலினோர் ஏ. பெர்சி. அப்போது உலகத்திலேயே இவை இரண்டுதான். மறு ஆண்டு 1901இல், அவ்வளவு பெரிய அட்லாண்டிக் கடலில், கேப் காட் அருகே, இவை இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. இரண்டும் தப்பித்துப் பழுதுபார்க்கப் போயின. பெருத்த உடல், குறைந்த ஆள், நெருக்கமான தடம்: கரிப்பாதை எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதல் உலகப் போர் வந்தது. நீராவிக் கப்பல்களை அரசுகள் இழுத்துக்கொண்டன, சரக்குக் கட்டணம் எகிறியது. பழைய மரக்கப்பலுக்கெல்லாம் மவுசு வந்தது. 1917இல் வயோமிங்கைச் சுமார் 3,50,000 டாலருக்கு, அதாவது கட்டிய விலையைப் போல இரு மடங்குக்கு, பிரான்ஸ் அண்ட் கனடா கப்பல் கம்பெனி வாங்கியது. எட்டு வயதான, முதுகு வளைந்த, தண்ணீர் இறைத்துக்கொண்டே ஓடிய கப்பலுக்கு அந்த விலை! வாங்கியவர்கள் ஏமாறவும் இல்லை. 1919க்குள் தன் விலையைப் போல இரு மடங்குக்கு மேல் அவர்களுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது. 1921இல் போர்ட்லாண்டைச் சேர்ந்த ஃபிராஸ்ட் கம்பெனிக்குக் கைமாறியபோது போர்க்கால மவுசு போய்விட்டிருந்தது. மீண்டும் பழைய கரி, பழைய பாதை.

1924 மார்ச் மாதத் தொடக்கத்தில் வயோமிங் நார்ஃபோக்கிலிருந்து கரி ஏற்றிப் புறப்பட்டது. போகவேண்டிய இடம் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில் செயின்ட் ஜான். கேப்டன் சார்ல்ஸ் கிளேசல். அதே சமயம் வடக்கே கிளம்பிய இன்னொரு ஸ்கூனர் கோரா எஃப். கிரெஸி, ஐந்து பாய்மரம், சுமார் 2,500 டன், 1902இல் பாத்தில் கட்டியது. அதன் கேப்டன் பப்ளிகவர்.

மடக்கிய கை போன்ற கேப் காட் முனையின் முழங்கைக்குக் கீழே மானமாய் என்ற மணல்நாக்கு நீண்டு கிடக்கிறது. அதற்கும் தெற்கே உள்ள நான்டுக்கெட் தீவுக்கும் நடுவில் கடலடி முழுக்க மணல்திட்டு. நீரோட்டம் கடுமையானது, திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். வழிகாட்டப் பாலக் ரிப் என்ற இடத்தில் ஒரு வெளிச்சக் கப்பலை நிறுத்தியிருந்தார்கள். இந்தப் பகுதியைச் சுற்றாமல் போவதற்கென்று 1914இல் கேப் காட் கால்வாய் திறந்திருந்தது உண்மைதான். ஆனால் அப்போது அது குறுகலானது, கட்டணமும் கூடுதல். வயோமிங் போன்ற உடம்புக்கு உதவாது.

மார்ச் 10 அன்று வடகிழக்கிலிருந்து புயல் வலுத்தது, பனியும் சேர்ந்தது. இரண்டு ஸ்கூனர்களும் சாட்டம் ஊருக்கு அப்பால், பாலக் ரிப் வெளிச்சக் கப்பலுக்கு அருகில் நங்கூரம் பாய்ச்சி நின்றன. பப்ளிகவர் வானத்தைப் பார்த்து, இங்கே நிற்பது ஆபத்து என்று முடிவுசெய்து, நங்கூரத்தை விட்டு ஆழ்கடலுக்குத் திரும்பினார். கிரெஸி அடிபட்டாலும் பிழைத்தது. வயோமிங் நின்ற இடத்திலேயே நின்றது. அதன்பிறகு அதை யாரும் பார்க்கவில்லை. கப்பலில் இருந்த பதின்மூன்று பதினான்கு பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. நான்டுக்கெட் கரையில் உடைந்த மரத்துண்டுகள் ஒதுங்கின.

கிளேசலைக் குறைசொல்வது எளிது. நூறு ஆண்டு கழித்து மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து சொல்வது இன்னும் எளிது. அவர் நிலையை யோசித்துப் பாருங்கள். ஆறாயிரம் டன் அளவில் கரி, பதினான்கு வயது மர உடல். ஆழ்கடலுக்குப் போனால் அந்த நீள உடல் பெரிய அலைகளில் முறுக்கும், தண்ணீர் புகும். நின்றால் ஆழம் குறைவு. அலையின் பள்ளத்தில் கப்பலின் அடி மணலில் இடிக்கலாம், நங்கூரச் சங்கிலி அறுந்தால் திட்டுகள் பக்கத்திலேயே. போவதென்று முடிவெடுத்தாலும், அந்தக் காற்றில் அவ்வளவு பெரிய பாய்களை விரித்துத் திருப்ப அவரிடம் இருந்தது கைவிரல்களில் எண்ணிவிடக்கூடிய மாலுமிகளும் ஒரு டாங்கி எந்திரமும். கிரெஸி சிறியது, நீளம் ஐம்பது அடிக்குமேல் குறைவு. அதனால் செய்ய முடிந்தது இதனாலும் முடிந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கிளேசலுக்கு முன்னால் இருந்த இரண்டு வழியும் கெட்ட வழி. அவற்றைக் கெட்டதாக்கியது 1909இல் களத்தில் போட்ட கணக்கு: நீளத்தைக் கூட்டு, ஆளைக் குறை. பதினான்கு ஆண்டு அந்தக் கணக்கு பலித்தது, பங்காளிகள் பங்கு வாங்கினார்கள். கணக்கு தவறிய இரவில் கப்பலில் பங்காளிகள் யாரும் இல்லை.

கப்பல் எங்கே போயிற்று என்பது எழுபத்தொன்பது ஆண்டு வாதமாக இருந்தது. 2003இல்தான் கடலடித் தேடல் குழு ஒன்று மானமாய்க்கு அப்பால் அதன் மிச்சத்தைக் கண்டுபிடித்தது.

அதன் இனத்தின் முடிவையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் கட்டிய ஆறு பாய்மர மர ஸ்கூனர்கள் ஒன்பது. அவற்றில் ஏழு பெர்சி அண்ட் ஸ்மால் களத்தில் பிறந்தவை, கடைசியாகப் பிறந்தது வயோமிங். மெர்ட்டி பி. கிரவுலி 1910இல் திட்டில் ஏறியது. வெல்ஸ் 1913இல் வட கரோலினாக் கரையில் உடைந்தது. மறு ஆண்டு ஆலிஸ் எம். லாரன்ஸ், நான்டுக்கெட் பக்கத்து மணலில். போர்க்காலத்தில் பிரான்ஸ் போன இரண்டு திரும்பவில்லை. எலினோர் பெர்சி 1919இல் நடுக்கடலில் மூழ்கியது. ரூத் இ. மெரில், வயோமிங்குக்கு இரண்டு மாதம் முன்னால். கடைசியாக மிஞ்சிய எட்வர்ட் ஜே. லாரன்ஸ் 1925 டிசம்பரில் போர்ட்லாண்ட் துறைமுகத்தில் தீப்பிடித்து எரிந்தது. ஒன்றுகூட வயதாகி, ஓய்வுபெற்று, கரையேறி உடைக்கப்படவில்லை. கிரெஸியின் கதை வேறு. அது கொஞ்ச காலம் மிதக்கும் கேளிக்கை விடுதியாக இருந்துவிட்டு, மெய்ன் மாநிலத்தில் பிரெமன் என்ற ஊரில் சிங்கிறால் வளர்ப்புக்கு அலைதடுப்பாகப் போய்ச் சேர்ந்தது. அதன் கூடு இன்னும் அங்கே கிடக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெர்சி அண்ட் ஸ்மால் களம் இன்று மெய்ன் கடல்சார் அருங்காட்சியகத்தின் பகுதி. வயோமிங் கட்டப்பட்ட இடத்தில் அதன் அளவிலேயே எஃகில் ஒரு வடிவம் நிற்கிறது. அதைவிட முக்கியம், அந்தக் கம்பெனியின் கணக்கு ஏடுகளும் கடிதங்களும் அழியாமல் அங்கே சேர்ந்திருப்பது. எந்தப் பயணத்துக்கு என்ன வாடகை, கயிற்றுக்கு எவ்வளவு, பங்குக்கு எவ்வளவு என்பதெல்லாம் அந்த ஏடுகளிலிருந்து வந்தவை. அவற்றை வைத்துத்தான் 1999இல் லின்வுட் ஸ்னோவும் டக்ளஸ் லீயும் அந்தக் களத்தின் வரலாற்றை எழுத முடிந்தது. கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் ஓடிய தோணிகளின் கணக்கு நோட்டுகள் இந்த ஊரில் பல வீட்டுப் பரண்களில் இருக்கின்றன. தண்டல் எழுதிய கடிதம், சரக்கு ரசீது, பங்கு பிரித்த சீட்டு, எதுவாக இருந்தாலும் பழைய பேப்பர் கடைக்குப் போடுவதற்கு முன்னால் பக்கத்துக் கல்லூரியின் வரலாற்றுத் துறையில் ஒருவரிடமாவது காட்டுங்கள்.